உன்ரை பேரிலை விட்டிட்டன்

காங்கேசன்துறை பஸ் மருதனார்மடத்தில் ஆள் ஏற்ற நின்றது. எனக்கு முன் சீற்றில் வலை மூட்டையோடு இருந்த இருவரில் ஒருவர் மற்றவரிடம் சொன்னார்:

“அன்ரன், உன்ரை பேரிலை நான் பீடியை விட்டிட்டன்.”

“என்னெண்டு?”

“பீடியை விடச்சொல்லி கிளினிக்கிலையிருந்து அந்த நேர்ஸ் பிள்ளை போன் எடுக்கேக்கை, நீ ஒளிச்சுக்கொண்டு என்னட்டைத்தானே போனைத் தந்தனீ. நானும் அன்ரன் எண்டே கதைச்சன்.”

“ஓம், பொய் சொல்லத்தானே தந்தனான்.”

“முதல்லை பொய்தான் சொன்னனான். பிறகு அந்தப் பிள்ளை, ‘அண்ணை, ஆசை வந்தா என்ன செய்யிறியள்?’ எண்டு ஆறுதலாக் கேட்டுது. என்னட்டை ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்லை. அவை உனக்குச் சும்மா தந்த மருந்துச் சுவிங்கத்தையும் நீ எனக்குத்தானே தந்தனீ. சப்பினன். இப்ப இருமலில்லை. மனுசியும் திரும்பவும் பக்கத்திலை படுக்கிறா.”

பஸ் வெளிக்கிட்டது. அன்ரன் இருமி முடித்துவிட்டுக் கேட்டார்:

“அப்ப நான்?”

“நீ விட்டிட்டாய். அந்தப் பிள்ளைக்கு உன்னிலை நல்ல சந்தோசம்.”



“உன்ரை பேர் சும்மாதானே கிடக்குது,” என்றார் அன்ரன். “அதிலை என்னைக் கிளினிக்கிலை பதிஞ்சுவிடு.”