கிட்டத்துக்கா, தூரத்துக்கா?

— அய்யய்யோ! தெருவே அதிருதே... என்ன பண்றீங்க கண்ணாடிக்காரரே? விடுங்க அந்த ஷட்டரை!

— காலங்காத்தால ஏன் இப்படிக் கத்துறீங்க, பேக்கரியம்மா? கடையைத் திறக்கிறேன்.

— கண்ணுல ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்கூட முழுசா ஆகலை. கனமா எதையும் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?

— தூக்கக்கூடாதுன்னுதான் சொன்னார். தள்ளக்கூடாதுன்னு சொல்லலையே...

— வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. நகருங்க, நான் திறக்கிறேன்... ம்ம்ம்... இதுக்கு எண்ணெயே காட்ட மாட்டீங்களா?

— மெதுவா, மெதுவா... அங்க எதிர்ல உங்க கடையை யார் பார்க்கிறா?

— ஓவன்ல பிரட் வெச்சிருக்கேன். அது வெந்து முடியறவரைக்கும் இங்கதான். உட்காருங்க. சொட்டு மருந்து விட்டாச்சா?

— விட்டேன்.

— கண்ணுலயா, கன்னத்துலயா? வழியுது பாருங்க.

— அண்ணாந்து பாட்டிலைக் கவிழ்த்தாலே கை ஆடுது. வீட்டுல இன்னொரு ஆள் இருந்தா...

— எனக்கு மட்டும் வீட்டுல பட்டாளமா இருக்கு? கறுப்புக் கண்ணாடியைக் கழட்டுங்க. கையைக் கழுவிட்டு வர்றேன்... ம், மேல பாருங்க.

— பார்க்கிறேன்.

— என்னை இல்லை, ஃபேனைப் பாருங்க! கீழ் இமையை இப்படி லேசா இழுத்து... அவ்வளவுதான். மூடுங்க. கசக்காதீங்க!

— அரிக்குதே...

— அரிக்கட்டும். கண்ணுகிட்ட விரல் போச்சு, விரலை ஒடிச்சிருவேன். ராத்திரி கண்ணுமேல அந்த பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கிட்டுத்தானே தூங்குறீங்க?

— ஒட்டிக்கிறேன். தலைக்குத் தண்ணி ஊத்திக்கல. குனிஞ்சு செருப்புகூட எடுக்கல. போதுமா?

— ஷட்டரை மட்டும் தூக்குவீங்க! ஆமா, உள்ள என்னதான் செஞ்சாங்க? கத்தியா?

— துளியூண்டு வெட்டு. அரிசி நீளம்கூட இல்லை. அது வழியா பேனா மாதிரி ஒரு கருவி போய், அதிர்ந்து அதிர்ந்து புரையை உடைச்சு, உறிஞ்சி எடுத்துருது. அப்புறம் சுருட்டின லென்ஸை உள்ள தள்ளுறாங்க. உள்ள போனதும் அதுவா விரிஞ்சுக்குது.

— பன்னுக்குள்ள கிரீம் அடைக்கிற மாதிரின்னு சொல்லுங்க.

— என் கண்ணு உங்களுக்குப் பன்னாப் போச்சு!

— தையல்?

— கிடையாது. ஊசிகூடப் போடலை, சொட்டு மருந்துலயே மரத்துப் போச்சு. மேல வெளிச்சம் நீந்துறது மட்டும் தெரிஞ்சுது. நான் பயந்து முடிக்கறதுக்குள்ள, எழுந்திரிங்கன்னுட்டாங்க.

— ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறவர், சொந்தக் கண்ணுல புரையை வெச்சுக்கிட்டு மூச்சு விடலையே!

— கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண்ணு தெரியலைன்னா எவன் கடைக்கு வருவான்? அதுவும்... லேசான புரைதான்.

— போன் அடிக்குது, எடுங்க.

— ஆஸ்பத்திரியில இருந்து... ஆமாம்மா, நான்தான்... இன்னொரு கண்ணுக்கா? கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடுங்கம்மா, யோசிச்சு... சரி, சரி.

— என்ன கேட்கிறாங்க?

— அடுத்து வைக்கப்போற லென்ஸ் கிட்டத்துக்கா, தூரத்துக்கான்னு இன்னிக்கே சொல்லணுமாம்.

— இதுல என்ன யோசனை? கிட்டத்துக்குத்தான்! நீங்க என்ன லாரியா ஓட்டுறீங்க? நாள் முழுக்க எறும்புத் தலை மாதிரி ஸ்க்ரூவோட மாரடிக்கிறீங்க. முதல் கண்ணுக்கு என்ன வெச்சீங்க?

— தூரம்.

— தூரமா! எதுக்கு?

— சும்மா... தெரு, மரம், பஸ் நம்பர்...

— நீங்க பஸ்ல ஏறி நான் பார்த்ததே இல்லை. இப்ப ஸ்க்ரூ தெரியுதா?

— கண்ணாடி போட்டாத் தெரியுது. என் கடையில கண்ணாடிக்கா பஞ்சம்?

— மழுப்பாதீங்க. ஒரு கண்ணு தூரத்துக்கு, ஒரு கண்ணு கிட்டத்துக்குன்னு வைக்கலாம்ல?

— வைக்கலாம். டாக்டரும் சொன்னார். ஆனா அது... நீங்க சொல்றதைப் பொறுத்து.

— நானா? நான் எங்க வந்தேன் இதுல?

— பேக்கரியைக் காலி பண்ணிட்டு உங்க அக்கா ஊருக்கே போறீங்கன்னு பால்காரர் சொன்னாரே. நிஜமா?

— ...ஆமா. கட்டடச் சொந்தக்காரர் சாயங்காலம் வர்றார். முடிவைச் சொல்லணும். அதுக்கும் உங்க லென்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

— நீங்க போறதா இருந்தா கிட்டத்துக்கே போதும்.

— போகலைன்னா?

— ரெண்டு கண்ணுக்கும் தூரம்.

— சுத்தி வளைக்காம போட்டு உடைங்க கண்ணாடிக்காரரே.

— உங்க போர்டு மஞ்சள்னே நெனச்சிட்டிருந்தேன். கட்டுப் பிரிச்சுட்டு வந்து இங்க நின்னு பார்க்கிறேன்... பளீர்னு வெள்ளை! அதுக்குக் கீழ நீங்க. மூக்குல மாவு. யாரோ என்னமோ சொல்லி, சிரிச்சீங்க... அது இங்கயிருந்தே தெரிஞ்சுது.

— போர்டு என்னிக்கும் வெள்ளைதான். லேசான புரைன்னீங்களே?

— பொய். ரெண்டு வருஷமா ரோட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரே புகை. குரலை வெச்சுத்தான் நீங்கன்னு தெரியும். டாக்டர் கேட்டதும் எனக்கு ஸ்க்ரூ ஞாபகமே வரல. உங்க கடை தெரியணும், அவ்வளவுதான் தோணுச்சு... கோபமா? ஏன் முகத்தைத் திருப்பிக்கிறீங்க? பேக்கரியம்மா... பிரட் கருகுற வாசனை வருது.

— கருகட்டும். அப்ப இந்த ரெண்டு வருஷத்துல... இங்கயிருந்து என்னை ஒரு நாள்கூடப் பார்த்ததே இல்லையா?

— கட்டுப் பிரிக்கிற வரைக்கும், சத்தியமா இல்லை.

— போனைப் போடுங்க. ரெண்டும் தூரம்னு சொல்லுங்க.

— அப்ப நீங்க கட்டடக்காரர்கிட்ட...?

— தினமும் கடை சாத்திட்டு, உங்க பக்கம் பார்த்துக் கையாட்டிட்டுத்தான் போனேன், ஒரு தடவைகூட நீங்க திருப்பி ஆட்டலை... அதனாலதான்யா காலி பண்றேன்னே சொன்னேன்!