வண்டி நிற்கவில்லை

டீசல் வண்டியைக் காலையில் கிளப்பும்போது அவசரப்படக் கூடாது, ஐயா. ஹீட்டர் குமிழைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, உள்ளே சுருள் சிவக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பலருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஏறினவுடன் ஸ்டார்ட்டரை அழுத்துவார்கள், இன்ஜின் இருமிவிட்டு அடங்கும், வண்டியைத் திட்டுவார்கள். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. அதுவும் என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

வெளியே உங்கள் ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கும் பச்சை பிக்-அப் என்னுடையதுதான். ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. அதிலிருந்த பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, சைதாப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் கலீமுல்லா பாய் டீசல் இன்ஜின் ஏற்றிக் கொடுத்தார். வேளச்சேரியில் என் வயலுக்கு அதுதான் கை, அதுதான் கால். உர மூட்டை, நெல் மூட்டை, பம்பு செட்டு, எதை ஏற்றினாலும் எதைப் பின்னால் கட்டினாலும் முனகாமல் போகும். சேற்றில் புதைந்த செங்கல் லாரியை ஒருமுறை இழுத்துக் கரையேற்றியிருக்கிறது. இழுத்து முடித்த பிறகும் இன்ஜின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். என் தம்பி வெள்ளைத்துரை நவம்பர் வெள்ளத்தில் இறந்தபோது நான் உங்களிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். ஏரி நிரம்பி வழியும் கலங்கல் தண்ணீர் சாலையைக் கடக்கும் பள்ளத்தில் தம்பியின் கார் நின்றுவிட்டது, அதை இழுக்கப் போன என் வண்டியும் நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது, நான் மறுபடி கிளப்புவதற்குள் கயிறு அறுந்து வெள்ளம் காரை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். நீங்களும் நம்பி எழுதிக்கொண்டீர்கள். தம்பி மனைவி மீனாட்சியும் நம்பினாள். ஓட்டை இன்ஜினை ஏற்றிக் கொடுத்து என் புருஷனைக் கொன்றவன் அந்த மெக்கானிக்தான் என்று பாய் மேல் மனு கொடுத்திருக்கிறாள். நேற்று நீங்கள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தீர்களாம்.

சாயங்காலம் அவர் தி. நகர் உஸ்மான் ரோட்டில், தம்பி போனதிலிருந்து நான் பார்த்துக்கொள்ளும் எங்கள் பாத்திரக்கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, என் கையால ஏத்துன இன்ஜினு அது. புகைக்குழாய எம்மா ஒசரத்துக்குத் தூக்கி வச்சிக் குடுத்தேன், காத்து இழுக்குற வாயும் மேலதான கீது? தண்ணில அது எப்டி நிக்கும்? நீங்களே சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "பட்டறைக்கு ஒருத்தனும் வரமாட்டேன்றான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாய் சொன்னது முழுக்க உண்மை. பெட்ரோல் இன்ஜினுக்குள் நெருப்புப் பொறி வேண்டும், தண்ணீர் பட்டால் அது செத்துவிடும். டீசலுக்குப் பொறி தேவையில்லை. காற்றும் எண்ணெயும் கிடைக்கும்வரை அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். சாவியை உருவினாலும் ஓடும். நாமாக ஸ்டாப் குமிழை இழுத்து நிறுத்தினால்தான் நிற்கும். அன்று நான் நிறுத்தவில்லை. அதனால் அது நிற்கவில்லை.

வெள்ளைத்துரையைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. நல்லவன். திருச்செந்தூர் பக்கத்திலிருந்து அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்து கடை போட்டார். அவர் போன பிறகு கடை அவனுக்கு, வயல் எனக்கு என்று நாங்களாகவே பிரித்துக்கொண்டோம். கடைக்கு வரும் பெண்கள் அவனிடம்தான் குடம் வாங்குவார்கள். சிரித்துக்கொண்டே பேசுவான். யார் எதைக் கேட்டாலும் "நான் பாத்துக்கிடுதேன்" என்பான். அந்த வார்த்தையைச் சொல்வதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். சொன்னவுடன் வேலை முடிந்துவிட்டதுபோல் முகம் தெளிந்துவிடும்.

அறுபத்தெட்டில் என் மனைவி தங்கபுஷ்பத்துக்கு மாசம் நிறைந்திருந்தது. வேளச்சேரி வயல் வீட்டில் இருந்தாள். ஊரில் ஒரு சாவுக்கு நான் போக வேண்டியிருந்தது. எழும்பூரில் ரயில் ஏற்றிவிட வந்த தம்பி, "மதினிய நான் பாத்துக்கிடுதேன், நீங்க போயிட்டு வாங்க அண்ணே. வலின்னு சொல்லிவிட்டா காரு அங்கன நிக்கும்" என்றான். வலி எடுத்ததும் வயலாள் தங்கவேல் சைக்கிளில் தி. நகருக்கு ஓடியிருக்கிறான். கடையில் ஆளைப் பிடித்துச் சொல்லியும் இருக்கிறான். கார் வரவில்லை. கடைசியில் மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். கிண்டி தாண்டுவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். குழந்தையும் உள்ளேயே போய்விட்டது.

நான் திரும்பி வந்தபோது தம்பி என் தோளில் விழுந்து அழுதான். "சவத்து காரு அண்ணே. நல்ல மழை. சின்னமலைகிட்ட வரும்போது கார்புரேட்டர்ல தண்ணி ஏறிட்டு. என்ன செஞ்சும் கெளம்பல" என்றான். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அந்த அழுகை பொய்யில்லை என்பது எனக்கு இன்றைக்கும் தெரியும்.

காரியம் முடிந்த பிறகு தங்கவேலிடம் பேச்சுவாக்கில், அன்று மழை ரொம்பவா என்று கேட்டேன்.

"மழையா? இன்னா அண்ணாச்சி, அன்னிக்கிக் களத்துல நெல்லு காஞ்சிக்கினு இருந்துச்சே. தி. நகர் போய்ச் சேர்றதுக்குள்ள வெயில்ல எனக்கு நாக்கு தள்ளிடுச்சு. சின்ன அண்ணாச்சி கடைல இல்ல, சினிமாவுக்கு, மேட்னி ஷோவுக்குப் பூட்டாருன்னாங்கோ."

அவன் எதையும் போட்டுக்கொடுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். நானும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தம்பியிடம் கேட்கவும் இல்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அடுத்த வருஷம் இந்த வண்டியை எடுத்தேன். கூப்பிட்டால் வரும் ஒன்று வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று தோன்றியது. அதன் பிறகு ஏழு வருஷம் நானும் தம்பியும் பொங்கல், தீபாவளி எல்லாம் ஒரே இலை வரிசையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். மீனாட்சியின் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டு போனேன். எனக்குள் பகை இருந்திருந்தால் அதைச் செய்திருப்பேனா?

நவம்பரில் அடையாறு கரை தாண்டிய அன்று வேளச்சேரி தனித் தீவாகிவிட்டது. நான் வயல் வீட்டில் இருந்தேன். எனக்கு ஆபத்து ஒன்றுமில்லை, வீடு மேட்டில் இருக்கிறது. மத்தியானம் தங்கவேல் ஓடிவந்து, "சின்ன அண்ணாச்சி காரு பள்ளத்துல மாட்டிக்கிச்சு" என்றான். அவனை மாடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தாம்புக்கயிற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு நான் மட்டும் வண்டியில் போனேன்.

தண்ணீர் கலங்கலிலிருந்து இறங்கி, சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு சதுப்புப் பக்கம் ஓடியது. பள்ளத்தின் நடுவே கார், கதவுப்பிடி வரைக்கும் தண்ணீர். நான் பின்பக்கமாகவே வண்டியை இறக்கி, அவன் முன் பம்பரில் கயிற்றைக் கட்டினேன். என் இடுப்புக்கு ஓட்டம் இருந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். நனைந்து, வெளிறி, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ரேடியோவுல வேளச்சேரி மூழ்கிட்டுன்னான் அண்ணே. நீங்க தனியா கெடப்பீங்களேன்னு மனசு கேக்கல. மீனாட்சி போவாதீயன்னு காலப் பிடிச்சா. நான் வந்துட்டேன். கார்புரேட்டர்ல தண்ணி ஏறிட்டு."

அதே வார்த்தைகள். அதே குரல். இந்த முறை அது உண்மையாக இருந்தது.

"கூப்பிடாமலே வந்துட்டேன், பாத்தீயளா?" என்றான்.

"வந்துட்டே" என்றேன். "உள்ளயே இருலே. ஸ்டியரிங்க விடாத."

முதல் கியரில் மெதுவாக இழுத்தேன். கார் அசைந்தது. எனக்குப் பின்னால் அந்தப் பாரம் ஏறி வருவது இருக்கையில் தெரிந்தது. இன்ஜின் ஒரே சீராக அடித்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் கார் கரை மேட்டைத் தொட்டிருக்கும். அங்கே நான் வண்டியை நிறுத்தினேன். இன்ஜினை நிறுத்தவில்லை, வண்டியை மட்டும்.

இழுவையில் இருக்கும் முடிச்சு அவிழாது, ஐயா. அதனால் வண்டியை ஒரு முழம் பின்னுக்கு எடுத்துக் கயிற்றைத் தளர்த்தினேன். பிறகு இறங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டே கார்வரை நடந்தேன். நான் முடிச்சைச் சரிசெய்ய வருகிறேன் என்று அவன் நினைத்தான்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க அண்ணே" என்றான்.

நான் அவிழ்த்தேன். அந்த நேரத்தில் தங்கபுஷ்பத்தை நினைக்கவில்லை. கோபமும் இல்லை. கை வேலை செய்தது. கயிற்று முனை என் கையில் இருப்பதை அவன் பார்த்த பிறகும், "அவுந்துட்டு, மறுபடி போடுங்க" என்றுதான் சொன்னான். கார் மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. அப்போது என் முகத்தைப் பார்த்தான். என்ன தெரிந்ததோ, அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. "மதினி" என்று ஒரு வார்த்தை சொன்னான். அப்படித்தான் காதில் விழுந்தது. தண்ணீர் இரைச்சலில் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். கதவைத் தள்ளிப் பார்த்தான், ஓட்டத்தின் அழுத்தத்தில் அது திறக்கவில்லை. நான் அவனைத் தொடவில்லை, தள்ளவும் இல்லை. கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டேன். ஏறி உட்கார்ந்தேன். வண்டி ஒரு திணறலும் இல்லாமல் கரையேறியது. இரண்டாம் நாள் பெருங்குடிப் பக்கம் கோரைக்குள் அவனை எடுத்தார்கள்.

என் தம்பியைக் கொன்றது நான்தான். இன்ஜின் நின்றதாகச் சொன்னது பொய். கயிறு அறுந்ததாகச் சொன்னதும் பொய். கலீமுல்லா பாய் மேல் ஒரு குற்றமும் இல்லை. மீனாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது தப்பிச்சு வந்தீயளே அத்தான்" என்று அழுதபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயமோ மனக்குழப்பமோ கிடையாது. நன்றாகத்தான் தூங்குகிறேன். வண்டியில் மட்டும் ஒரு சின்னக் கோளாறு. கருமாதி முடிந்த மறுநாள் வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு கிண்டிப் பக்கம் வந்தேன். மேட்டில் ஏறமாட்டேன் என்றது. கீழ் கியருக்கு இறக்கினால்தான் நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் சாலை காலியாக இருந்தது. பாயிடம் காட்டினேன். அடியில் படுத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எழுந்தார். "பிரேக்கு எங்கயும் பிடிக்கல. பேரிங்கு சோக்கா கீது. வெத்து வண்டி அண்ணாச்சி, இன்னாத்த இழுக்குது இது?" என்றார். கயிறும் அப்படித்தான். கிணற்றடியில் வெயிலில் போட்டுப் பார்த்தாயிற்று, இன்னும் ஈரமாகவே இருக்கிறது. தேங்காய் நார் ஈரத்தைச் சீக்கிரம் விடாது என்று தங்கவேலிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். இன்றைக்கு வேளச்சேரியிலிருந்து இங்கே வருவதற்கு வெகுநேரம் பிடித்தது. சைக்கிள்காரர்கள் எல்லாம் தாண்டிக்கொண்டு போனார்கள்.

சாவி இந்தாருங்கள். வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்துவதென்றால் உங்கள் டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வளைவில் ஒடித்துத் திருப்ப வேண்டாம். திடீரென்று பிரேக் போடவும் வேண்டாம். பின்னால் தம்பி வருகிறான்.