பெயிண்ட் பூசிய முனை

பத்திரிகை நடத்துகிறவனுக்குப் பெரிய தொல்லை இடம் போதாமைதான். எங்கள் ‘கடைசல் செய்தி’ மாதம் ஒரு தாள், இரண்டு பக்கம், ஜெராக்ஸ். எந்த மரம் எங்கே கிடைக்கும், உளியை எப்படித் தீட்டுவது, யார் என்ன கடைந்தார்கள் என்பதெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, வீட்டில் மெஷின் போட்டுப் பொழுதுபோக்காக மரம் கடைகிற பத்தொன்பது பேர் வாங்குகிறார்கள். பெரும்பாலும் ரிட்டயரான குமாஸ்தாக்கள். மரத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும், திருவொற்றியூர் மர யார்டில் முப்பது வருஷம் கட்டை சுமந்த தோள் இது. எழுத்துதான் தாமதம். நாற்பத்தாறு வயதில், முதியோர் வகுப்பில் கற்றேன்.

கப்பலில் வரும் கட்டைகளுக்கு இரண்டு முனையிலும் பெயிண்ட் பூசியிருக்கும். முனை வழியாக ஈரம் சட்டென்று போனால் மரம் வெடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் பெயிண்ட். கிண்ணம் கடையும் பாடம் போட்ட மூன்றாவது இதழில், ‘கட்டை காயும்வரை பெயிண்ட் முனையை அறுக்காதீர்கள்’ என்ற ஒரு வரி இடமில்லாமல் விட்டுப்போயிற்று. அது தவறுதல். அதை என் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ராயபுரம் ஸ்டானிஸ்லாஸ் சார், ரயில்வேயில் இருந்தவர், பெயிண்டை அழுக்கு என்று நினைத்து அறுத்துப் போட்டார். கிண்ணம் இரண்டாகப் பிளந்தது. தபாலில் ஓர் உறை வந்தது: ‘மதிப்பிற்குரிய ஆசிரியர் எத்திராஜ் அவர்களுக்கு’. அதுவரை என் பேருக்கு வந்ததெல்லாம் பேங்க் நோட்டீஸ்தான். இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை, மனைவியை எதிரே உட்கார வைத்துப் படித்தேன்.

அதற்குப் பிறகு அந்த வரிக்கு இடம் கிடைக்கவே இல்லை. ‘பெயிண்ட் முனை அசிங்கமாகத் தெரிந்தால் முதலிலேயே அறுத்துவிடலாம்’ என்று எழுதத்தான் இடம் இருந்தது.

பத்தொன்பது வீட்டிலும் கிண்ணம் வெடித்தது. கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் போட்டேன்: உளி மழுங்கல், கடற்காற்று, அமாவாசை. ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்கலாமா என்று கேட்ட மதார் சாகிபுக்கு, ‘அது குளிர் தேசத்து மரம், அந்தப் பாடம் நம் உப்புக்காற்றில் பலிக்காது’ என்று எழுதினேன். நன்றி சொல்லி எழுதினார்.

இப்படி ஆறு வருஷம்.

ஸ்டானிஸ்லாஸ் சாருக்கு ஒரே ஆசை. பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குத் தன் கையால் ஒரு கிண்ணம் கடைய வேண்டும். மூன்று பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் முடிந்துவிட்டது. நாலாவதுதான் கடைசி என்று மகள் சாரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். போன மார்ச்சில் அவரும் மனைவி ரோசியும் ஒரு கோணி நிறைய வெடித்த கிண்ணங்களோடு என் வீட்டுக்கு வந்தார்கள்.

“இன்னாண்ணே, எம்பொண்ணு நாலு பெத்துட்டா. இந்தாளால ஒரு கிண்ணம் பெத்துக்க முடில,” என்றாள் ரோசி.

சார் சிரிக்கவில்லை. “வாத்யாரே, நெஜத்த சொல்லு. தப்பு மரத்துல கீதா, என் கையில கீதா?”

மரத்தில் என்றால் பாடத்தைச் சந்தேகிப்பார். “கையிலதான் சார்,” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அந்த வாரமே மெஷினை விற்க வந்தார். அவருக்கு அலைச்சல் வேண்டாமென்று நானே எடுத்துக்கொண்டேன். மனசு கேட்காமல், அதே மெஷினில், முனை அறுக்காமல் காயவைத்த கட்டையில் ஒரு கிண்ணம் கடைந்து அனுப்பினேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. நாலு பக்கம் எழுதினார், இடையிடையே மை கலைந்திருந்தது. எனக்கு வந்ததிலேயே சிறந்த கடிதம் அதுதான்.

ஞானஸ்நான விருந்துக்குப் பத்திரிகை வாங்குகிற எல்லாரும் வந்திருந்தார்கள். என்னோடு யார்டில் கட்டை சுமந்த ஜெரியும் வந்திருந்தான். கிண்ணம் கைமாறிக் கைமாறி அவனிடம் போயிற்று.

“இதுல இன்னா நைனா அதிசயம்?” என்றான். “பெயிண்டு முனைய அறுக்காம காயவச்சா எங்க வெடிக்கும்? யார்டுல கீற நாய்க்குகூட தெரியும். நம்ம எத்திராஜுக்குத் தெரியாததா?”

பிரியாணிக் கைகள் அப்படியே நின்றன. மதார் சாகிப்தான் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏன் மாமு?”

அதற்குப் பதில் சொல்லவே இந்த இதழின் இரண்டு பக்கத்தையும் ஒதுக்கினேன். ஆம், தெரிந்தேதான் செய்தேன். பத்தொன்பது பேரின் கிண்ணங்களையும் நான்தான் வெடிக்க வைத்தேன். ஸ்டானிஸ்லாஸ் சாரின் கையில் ஒரு குறையும் இல்லை. என் மேல் கோபம் இருப்பவர்கள் அதை மனசுக்குள் வைத்துப் புழுங்க வேண்டாம். எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுங்கள்.