ஈறுக்கு அடியில்

காலை ஏழு ஐம்பதுக்குப் பழங்காநத்தத்தில் பேருந்து ஏறினேன். முதலில் கண்ணில் பட்டது, முன் இருக்கைக்காரர் கைக்குட்டையில் ஏந்தியிருந்த ரப்பர் அச்சு. அதில் யாரோ ஒருவருடைய கீழ்வரிசைப் பற்கள் பதிந்திருந்தன. அவர் பல் செய்யும் லேபில் வேலை பார்ப்பவர் என்பதும், பக்கத்தில் இருந்தவர் பல் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் என்பதும் பேச்சில் தெரிந்தது.

"மாப்ள, இந்த அச்சு பொய் சொல்லுது."

"என்னண்ணே சொல்றீங்க?"

"உங்ககிட்ட வந்த டீச்சருக்கு, புதுப் பல்லை மாட்டத் தாடை எலும்புல வச்ச ஆணி ஈறுக்குக் கீழ அம்புட்டு ஆழத்துல இருக்கு. ஆணி மேல இருக்க மூடியைக் கழட்டுன உடனே, அச்சு எடுக்குற அளவுக்கம்பியை அதுல மாட்டணும். லேட்டானா ஈறு சுருங்கி உள்ள வந்துரும். இங்க பாரு, கம்பிக்கு அடியில சதை ஒட்டிருக்கு. கம்பி முழுசா உக்காரவே இல்ல."

"டாக்டருக்கு போன் வந்துச்சுண்ணே. பேசிட்டு வந்துதான் மாட்டுனாரு."

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்தீகளா?"

"கரண்டு இல்ல. கண்ணுக்குச் சரியாத்தான் தெரிஞ்சுச்சு."

"கிணத்தை மேல இருந்து பாத்து ஆழம் சொல்ற ஆளுய்யா நீ! இந்த அளவுல செஞ்ச பல்லை முறுக்கி மாட்டுனா, ஆணியைச் சுத்தி இருக்க எலும்பு கொஞ்ச மாசத்துலயே கரைஞ்சு போயிரும். இதைக் கவனிக்காம நான் செஞ்சு அனுப்புன பல்லைத் திரும்ப வாங்கத்தான் வாரேன். அளவு புதுசா எடுக்கணும்."

கம்பவுண்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நேத்தே மாட்டியாச்சுண்ணே."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"இறுக்குதுன்னாங்க. புதுப் பல்லு, பழகிரும்னு அனுப்பிட்டோம்."

"இன்னைக்கே வரச் சொல்லு."

"ராத்திரியே ரயில் ஏறிட்டாங்க. டெல்லியில மக பிரசவம். வர ஆறு மாசமாகும்."