மாப்பிள்ளையின் எடை

பிஸ்கட்டோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை, இன்ஸ்பெக்டர். தேநீருக்கு நானே இரண்டு எடுத்துக்கொள்வேன். வேண்டாம் என்று சொல்வது நோயாளிகளுக்கு மட்டும்தான்.

எங்கள் தெருவில் எல்லாருக்கும் நான்தான் டாக்டர். காய்ச்சல் என்று வருகிறவரைக்கூட முதலில் எடை இயந்திரத்தில்தான் ஏற்றுவேன். வாய் என்ன வேண்டுமானாலும் பேசும், இயந்திரம் பொய் சொல்லாது. பழைய இரும்பு இயந்திரம், தூக்க இரண்டு கையும் வேண்டும். போன மழைக்காலத்தில் கிளினிக் கூட்டுகிற அம்மா அதைப் படியில் தவறவிட்டார். ஓரத்தில் லேசான நசுங்கல், அவ்வளவுதான்.

என் தங்கையின் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஓட்டினவர் என்று சொல்ல வேண்டும். சர்க்கரை, தொப்பை, நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு. மழைக்கு முன்பு எடை பார்த்து உணவு முறை சொல்லி அனுப்பினேன். இனிப்பு கூடாது, இரவில் காய்கறி சூப் மட்டும், காலையில் நடை. மழை விட்டதும் வந்தார். சொன்னபடியே நடந்ததாகச் சத்தியம் செய்தார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். இயந்திரமோ பழைய எடையையே காட்டியது.

"பிஸ்கட்ட எங்க ஒளிச்சு வச்சுத் திங்கறீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன். பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கிப்போனது.

நான் அதோடு விட்டுவிடவில்லை. தங்கையிடம் சொன்னேன். அவள் சமையலறையைப் பூட்டினாள், அவருடைய சட்டைப் பைகளைத் துழாவினாள். இரவில் கொடுத்த சூப்பையும் நிறுத்தச் சொன்னேன். ஒருநாள் போனில் அழுதாள்.

"பசியில அவருக்குக் கை நடுங்குது அண்ணா. பஸ் நிறைய பிள்ளைங்கள வச்சுக்கிட்டு ஓட்டறாரு. போதும்ணா."

நடிக்கிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவள் என் செல்லத் தங்கை. இந்த வயதில் அவள் விதவையாகிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு பாடுபட்டேன்.

நேற்று மாலை அவர் தோளில் ஒரு மாவு மூட்டையோடு வந்தார். கடைத் தையல்கூடப் பிரிக்காத இருபத்தைந்து கிலோ மூட்டை. அதை இயந்திரத்தில் வைத்தார். முள் முப்பதில் போய் நின்றது.

"பாருங்க மச்சான், இந்த மூட்டையும் திருட்டுத்தனமா பிஸ்கட் தின்னிருக்கு."

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. இந்த முறை என்னைப் பார்த்து. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் குனிந்து மூட்டையைத் தரையில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"விடுங்க மச்சான், மெஷின் கெட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? இன்னிக்காவது உங்க தங்கச்சி கையால வயிறாரச் சாப்பிடறேன்."

இயந்திரத்தைத் தூக்கி அவர் பின்மண்டையில் இறக்கினேன். மூட்டையின் மேலேயே விழுந்தார், அது கிழிந்தது. மண்டியிட்டு நாடி பார்த்தேன், தொழில் பழக்கம். நாடி இருந்தது. அதனால் மறுபடி தூக்கினேன். அவர் ஒரு கையை உயர்த்தித் தடுக்கப் பார்த்தார். அந்த விரல்களும் நசுங்கின. நாடி நின்றதை உறுதி செய்த பிறகே இயந்திரத்தைக் கீழே வைத்தேன். ரத்தம் மாவில் ஊறி, ரொட்டிக்குப் பிசைந்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. அதில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று கூட்டுகிற அம்மாவிடம் சொல்லுங்கள், தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆமாம், கொன்றது நான்தான். ஆனால் அவர் செய்ததும் நியாயமில்லை. இயந்திரம் தப்பு என்று நாலு பேர் நம்பிவிட்டால் அப்புறம் யார் வாயைக் கட்டுவார்கள்? கட்டுப்பாடு என்று ஒன்று வேண்டாமா? என்னையே பாருங்கள். இந்த வயதிலும் எழுபது கிலோவைத் தாண்டவில்லை. தினமும் காலையில் அதே இயந்திரத்தில்தான் ஏறிப் பார்க்கிறேன். எழுபத்தைந்து காட்டும். மழைக்காலத்திலிருந்து ஐந்தைக் கழித்துக்கொள்கிறேன்.