படலுக்கு இந்தப் பக்கம்

இல்லக்கா, நாற்காலி வேணாம். டீயும் வேணாம். நான் இங்க ரோட்டுலயே நிக்கிறேன். அட, கோச்சிக்காதீங்க, உங்க வீட்டு வாசல மிதிச்சா என் கௌரவம் கொறஞ்சிடும்னெல்லாம் இல்ல. மரியதாஸ் அண்ணா, மொதல்ல அந்த நாயக் கூப்புடுங்க. என் கால மோந்து பாக்க வருது. கூப்புடுங்கன்னு சொல்றேன்ல! புடிச்சிக் கட்டுங்க. ஆங், அப்படி.

சரி, விட்ட எடத்துக்கு வர்றேன். அந்தக் கருப்புப் பன்னிக் குட்டிங்கள எங்க வாங்குனதுன்னு சொன்னீங்க? வானூர் சந்தையிலயா? இப்பதான அக்கா பிரம்மதேசத்துல ஒருத்தர் கிட்டன்னாங்க? பிரம்மதேசம் என் சொந்த ஊரு அக்கா. அங்க எந்த வீட்டுல பன்னி இருக்குது, எந்த வீட்டுல இல்லன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் பேசி ஒரு ஊரா முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, நான் நிக்கிறேன்.

போலீஸா? நானா? நல்லா கேட்டீங்க போங்க. சக்கர மாத்திரை போட்டுக்கிட்டு, முட்டியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறவளப் பாத்தா போலீஸ் மாதிரியா இருக்குது? என் பேரு அருள்மொழி. டாக்டர். நமக்கு ஊசி போடுற டாக்டர் இல்ல, பன்னி ஆராய்ச்சி பண்ற டாக்டர். எந்த ஆண எந்தப் பொட்டையோட சேத்தா எப்படிக் குட்டி வரும்னு பாக்குற வேலை. சிரிங்க, பரவால்ல. சிரிக்காதவங்கள நான் பாத்ததே இல்ல.

எங்கப்பா சிவஞானம் நெலத்துல மல்லாட்டை போட்ட காசுல மாட்டு டாக்டருக்குப் படிக்க வெச்சாரு. மேல்படிப்புக்குப் பன்னிய எடுத்திருக்கேன்னதும் ஒரு மாசம் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. பொண்ணு பாக்க வந்தாங்க. பொண்ணு எதுல ஆராய்ச்சின்னு கேட்டாங்க. எங்கம்மா மாடுன்னு சொல்லிட்டாங்க. நான் வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்காம, மாடு இல்லங்க, பன்னின்னேன். கையில எடுத்த காப்பிய அப்படியே கீழ வெச்சிட்டாங்க. அதோட கல்யாணப் பேச்சு நின்னுது. போவட்டும், அது பழைய கதை.

டிபார்ட்மெண்டுல எல்லாரும் ஃபாரின் வெள்ளைப் பன்னி பின்னாடி ஓடுனாங்க. நான் மட்டும் நம்மூருக் கருப்பப் புடிச்சிக்கிட்டேன். சித்திர வெயில்ல உப்பளக் காத்து அடிக்குமே, உங்களுக்குத் தெரியாததா, அதுல வெள்ளை நாக்கத் தள்ளிக்கிட்டுப் படுத்துக்கும். கருப்பு சேத்துல ஒரு பொரளு பொரண்டுட்டு எழுந்து போய்க்கிட்டே இருக்கும். ஆனா குட்டி கம்மி. அந்த ஒடம்புத் தெம்பு போகாம குட்டிய மட்டும் கூட்டணும். அவ்ளோதான் என் ஆராய்ச்சி. அதுக்கு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. யாரு யாருக்குப் பொறந்தது, எவன் எந்த வெயில தாங்குனான்னு பாத்துப் பாத்து ஜோடி சேத்து, கடைசில ஒருத்தன் வந்தான். கலெக்டர். அவன் நடந்து வந்தான்னா மனு வாங்க வர்ற மாதிரியே இருக்கும், அதான் எங்க ஆராய்ச்சிப் பண்ணை ஆளுங்க வெச்ச பேரு. உடம்பெல்லாம் கருப்பு, பின்னங்கால் ஒண்ணுல மட்டும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ள.

ஏண்ணா அக்காவப் பாக்குறீங்க? என்னப் பாருங்க.

போன வருஷம் புயலு அடிச்சப்ப பண்ணை காம்பவுண்டு சுவரு விழுந்துச்சு. விடிஞ்சி பாத்தா எல்லாம் இருக்குது, அவன் மட்டும் இல்ல. நான் யாரத்தான் சந்தேகப்படல! வாட்ச்மேன் தேவா பொண்டாட்டி புதுப் பொடவ கட்டுனா அதுக்குத் துட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிப்பேன். சர்ச் திருவிழாவுக்குக் கூப்புட்டாங்கன்னு போனேன். எலையில வெச்ச பன்னிக் கறிய நோண்டி நோண்டிப் பாத்து, ஒரு துண்டக் கைக்குட்டையில சுத்தி எடுத்துட்டுப் போயி லேப்ல போட்டேன். அசிங்கம்தான். ஆனா அது அவன் இல்லன்னு வந்ததும் பஸ்ல தனியா உக்காந்து அழுதேன். அப்ப உயிரோட எங்கியோ இருக்குறான்ல!

அப்புறம் என் ஸ்டூடண்ட் தமிழ்நிலா ஊரூரா போயி பன்னிங்க காதுல ஒரு துளி சதை எடுத்துட்டு வந்தா. அதுல ஒரு குட்டிக்கு அப்பன் யாருன்னு பாத்தா, கலெக்டர். வளக்குறவர் கிட்ட யாரு குடுத்த குட்டின்னு கேட்டேன். மரக்காணம் மரியதாஸ்னாரு. அப்ப வந்த கோவத்துக்கு நான் நெசமாவே போலீசோடதான் வந்திருக்கணும். வரல.

இருங்க, அந்த ஓலை மறைப்புக்குப் பின்னாடி என்ன? வெறவா? வெறவு உறுமுமா அண்ணா?

கலெக்டரே! டேய் கலெக்டரே! இங்க பார்றா!

கேட்டுச்சா? பதில் சொல்றான் பாருங்க! ஐயோ என் ராசா, தீவனம் வெக்கும்போது இப்படித்தான் கூப்புடுவேன், மறக்கல அவன்.

வேணாம்! அவுத்து விடாதீங்க! இந்தப் பக்கம் அவன் வரக் கூடாது. படலச் சாத்துங்கக்கா, சாத்துங்க!

உக்காருங்கண்ணா. ஓட்டிட்டு வந்தீங்களா, அவனா நடந்து வந்தானான்னு நான் கேக்கப் போறதில்ல. திருப்பித் தரவும் வேணாம். தந்தா எங்க கொண்டு போவேன்? பண்ணையில இப்ப ஒண்ணும் இல்ல. போன வாரம் பன்னிக் காய்ச்சல் வந்துடுச்சு. மனுசங்கள ஒண்ணும் பண்ணாது, பன்னிக்கு வந்தா மருந்தே கெடையாது. ஒண்ணுக்கு வந்தாலும் மிச்சம் இருக்குற எல்லாத்தையும் முடிச்சிப் பொதைக்கணும், அதான் ரூல்ஸு. கையெழுத்துப் போட்டது நான்தான். ஜேசிபி வந்து குழி தோண்டுனான். தொப்புள்கொடி காயாத குட்டி கூட இருந்துச்சுக்கா. சுண்ணாம்பக் கொட்டி மூடிட்டாங்க.

அந்தக் கிருமி செருப்புல ஒட்டிக்கிட்டுக் கூட வரும். நாய் கால்ல ஒட்டும். அதான் உங்க டீயக் குடிக்கல, தப்பா எடுத்துக்காதீங்க. தலைக்கு ஊத்திட்டுத்தான் வந்தேன், இந்தச் செருப்பு பஸ் ஸ்டாண்டுல இறங்கி வாங்குனது. ஆனாலும் எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல.

என் பண்ணையில மிச்சம்னா, உங்க கொல்லையில நிக்கிறவனும் இந்தக் குட்டிங்களும்தான். ஓட்டல் மிச்சத்த ஊத்தாதீங்க, அதுலயும் கிருமி வரும். வேற வழி இல்லன்னா நல்லா கொதிக்க வெச்சி ஆற வெச்சி ஊத்துங்க. கறிக்குக் கேட்டு வருவான், குட்டி பாக்கணும்னு வருவான், படலத் தொறக்காதீங்க. நல்லவங்களாத்தான் இருப்பாங்க, நம்பாதீங்க. நாளைக்கே நான் மனசு கேக்காம, ஒரே ஒரு தடவ அவனத் தொட்டுட்டுப் போயிடுறேன்னு இங்க வந்து நின்னு அழுவேன். அப்பவும் தொறக்காதீங்க அண்ணா.