காலில் கட்டிய கயிறு

திருமுல்லைவாயில் ரேஷன் கடையில் கிருஷ்ணாயில் வரிசை. எனக்கு முன்னால் அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் இருவர் நின்றார்கள். இளையவள் கேட்டாள்:

“அக்கா, நேத்து ராத்திரி ஏன் என் கால இஸ்தே? திருடன் வந்துட்டான்னு உசுரே போச்சு.”

“தூக்கத்துல பொரண்டுட்டேன்டி. நீ திருப்பி இஸ்தப்புறந்தான் முழிச்சேன்.”

இருவரின் கணவர்களுக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்ட். ஜன்னல் வழியாக ஒரே கயிற்றை விட்டு, ஆளுக்கொரு முனையைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள்.

“இன்னிலேர்ந்து எங்க ஊட்டுக்காரருக்குப் பகல் ஷிப்டு,” என்றாள் மூத்தவள்.

இளையவள் தன் கேனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அப்ப கயித்த அவுத்துடுவியா?”

“இன்னாத்துக்கு? உங்க ஊட்டுக்காரருக்கு இன்னும் நைட்டுதான. ஒரு தபா இஸ்தா போதும், இனிமே ரெண்டு பேரா ஓடியாருவோம்.”